மால்கானா நம்பர் முப்பத்தொன்று

அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதற்காக, பழைய வேட்டி ஒன்றின் கரையை வைஜெயந்தி பல்லால் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தாள். கத்திரிக்கோல் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த வீட்டில் கேட்ட நேரத்தில் எதுதான் கிடைத்திருக்கிறது. துணி பாதி கிழிந்து வரும்போது, கேட்டுக்கு வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"அக்கா."

நீல்டேரா அவுட்போஸ்ட் போலீஸ்காரன் பாலமுருகன் நின்றிருந்தான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தான். இன்னொரு கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு ஃபைல்.

"கேள்விப்பட்டேன்க்கா. எப்ப?"

"காலைல ஆறு மணிக்கு. ஆஸ்பத்திரியில."

"நல்ல மனுஷன்." கொஞ்ச நேரம் செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றான். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. டெத் ஸ்லிப் ஒரு ஜெராக்ஸ் வேணும்."

"எதுக்கு?"

"நாளைக்கு அப்பாவோட ஹியரிங் இருக்குல்ல? பி.பி. சார் போன் பண்ணாரு. ஆள் எறந்துட்டாருன்னு ரிப்போர்ட் வெச்சா நாளைக்கே கேஸை குளோஸ் பண்ணிருவாங்களாம். உடனே வேணும்னாரு. பதினோரு மணிக்குள்ள வாட்ஸப்ல போடச் சொன்னாரு."

வைஜெயந்தி கிழித்த நாடாவைக் கையில் பிடித்தபடி அவனையே பார்த்தாள். உடனே வேண்டுமாம். அரசாங்க வக்கீலுக்குப் பதினோரு மணிக்குள் வேண்டுமாம். ஒரே ஒரு ரிஜிஸ்டர் நோட்டைக் கேட்டு அப்பா ஏழு வருஷம் அந்தக் கோர்ட்டுக்கு அலைந்தார். அவர்கள் கொடுத்ததெல்லாம் தேதி. அது முடிந்தால் இன்னொரு தேதி. அப்பா செத்து மூன்று மணி நேரம் முழுசாக ஆகவில்லை, அவர்களுக்கு ஒரு காகிதம் தேவைப்பட்டதும் ஆள் வாசலில் வந்து நிற்கிறான்.

"யாரு தாயி?" என்று உள்ளேயிருந்து அம்மா ஒச்சம்மா கேட்டாள்.

"போலீசும்மா."

"இன்னிக்குமா?" என்றாள் அம்மா.

அப்பா பொன்னுத்துரை நீல்டேரா ஜெட்டியில், படகுத் துறையில், முப்பது வருஷம் வேலை பார்த்தவர். படகு வந்தால் கயிற்றைப் பிடித்துக் கட்டுவதும், ஆட்கள் ஏறி இறங்கப் பலகை போடுவதும் அவர் வேலை. 2018 ஆகஸ்டில் ஒரு நாள் காலை அந்தப் பலகை நடுவில் முறிந்தது. ரங்கத் பஜாரில் காய்கறிக் கடை வைத்திருந்த நிரஞ்சன் பைராகியின் மனைவி அர்ச்சனா, தலையில் பாகற்காய்க் கூடையோடு படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவே விழுந்தாள். அலை படகைத் தள்ளி ஜெட்டியோடு இடித்தது. அப்பாதான் தண்ணீரில் குதித்து அவளைத் தூக்கினார். உயிர் இல்லை.

கவனக்குறைவால் மரணம் என்று அப்பாமேல் கேஸ் போட்டார்கள். பலகை பழுதென்று தெரிந்தும் மேலே யாருக்கும் சொல்லாமல் விட்டார் என்பது குற்றச்சாட்டு.

அப்பா சொல்லியிருந்தார். ஒரு முறை இல்லை, மூன்று முறை. ஜெட்டியின் புகார் ரிஜிஸ்டரில் எழுதி, வந்த ஆபீசரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார். விபத்து நடந்த அன்றே போலீஸ் அந்த ரிஜிஸ்டரைக் கைப்பற்றிவிட்டது. எடுத்துக் கொடுத்தவரே அப்பாதான். அவர்கள் கேட்டதும் பெட்டியைத் திறந்து, தூசி தட்டி, இரண்டு கையாலும் நீட்டியிருக்கிறார். பறிமுதல் சீட்டில் சாட்சிக் கையெழுத்து வேறு. ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லையா என்று வைஜெயந்தி கத்தியபோது, "கவர்மென்ட் நோட்டை நான் எதுக்கு ஜெராக்ஸ் எடுக்கணும்? அதான் பத்திரமா போலீஸ்கிட்ட இருக்கே" என்றார். இப்படியும் ஒரு மனிதர்.

குற்றப்பத்திரிகையோடு பதினான்கு ஆவணங்களின் நகல் வந்தது. ரிஜிஸ்டர் அதில் இல்லை. இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் அகிலா சின்னப் பெண்தான், ஆனால் விவரமானவள். "அவங்க கைப்பற்றுனது எல்லாத்தையும் காட்டணும் அங்கிள். அவங்க கேஸுக்கு ஒதவுறதை மட்டும் எடுத்துக்கிட்டு, உங்களுக்கு ஒதவுறதை மூடி வெக்க முடியாது. அது ப்ராசிக்யூஷனோட கடமை" என்று சொன்னாள். அப்பா முகமெல்லாம் சிரிப்பாக வீட்டுக்கு வந்தார். கடமை என்று ஒன்று இருந்துவிட்டால் அதைச் செய்துவிடுவார்கள் என்று நம்பிய கடைசி ஆள் இந்தத் தீவுகளில் அவராகத்தான் இருந்திருப்பார்.

முதலில் இருந்த பி.பி., அது நாங்கள் சார்ந்திராத ஆவணம், எங்கள் கேஸுக்கு ஆதாரமாகக் காட்டாதது, தரத் தேவையில்லை என்றார். அவர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று இரண்டு வருஷம் ஓட்டினார். அதற்கும் அடுத்தவர், தேடியும் கிடைக்கவில்லை என்று எழுத்திலேயே கொடுத்துவிட்டார். போன மாதம் மாஜிஸ்ட்ரேட்டுக்கே எரிச்சல் வந்து, கைப்பற்றிய ஒவ்வொரு பொருளுக்கும் பட்டியல் வேண்டும், அடுத்த தேதிக்குள் வேண்டும் என்று ஆர்டர் போட்டார். அந்த அடுத்த தேதிதான் நாளைக்கு.

அப்பாவுக்கு ஜெயிலைப் பற்றிப் பயம் இருந்ததில்லை. அவருக்குக் கவலையெல்லாம் பைராகி. அடுத்த தெருதான் வீடு. விபத்துக்குப் பிறகு அந்த மனிதர் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கடை வழியே போகக் கூசி, அப்பா ஸ்கூலைச் சுற்றிக்கொண்டு பஜாருக்குப் போவார். "ரிஜிஸ்டர் மட்டும் கைக்கு வரட்டும். பைராகி பாபு முன்னால வெச்சு ஒவ்வொரு வரியா படிச்சுக் காட்டுவேன்" என்பார். நேற்று மாலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டது கூட, "வியாழக்கெழமைதானே கோர்ட்டு?" என்றுதான்.

"ரிஜிஸ்டர் என்னாச்சு?" என்றாள் வைஜெயந்தி. "நாளைக்குப் பட்டியல் குடுக்கணும்ல? கெடச்சிருச்சா?"

"எந்த ரிஜிஸ்டர்க்கா?"

"ஜெட்டி கம்ப்ளெய்ன்ட் ரிஜிஸ்டர்."

"பச்சை அட்டை போட்டதா? அது மால்கானாவுலதானே இருக்கு."

மால்கானா என்பது கைப்பற்றிய சாமான்களைப் போட்டுப் பூட்டும் அறை. அவுட்போஸ்ட்டில் ஆட்கள் காத்திருக்கும் பெஞ்சுக்குப் பின்னாலேயே அதன் கதவு. மனுவை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் அப்பா அந்தக் கதவில்தான் முதுகைச் சாய்த்து உட்காருவார்.

"முறிஞ்ச பலகை நம்பர் முப்பது. ரிஜிஸ்டர் முப்பத்தொண்ணு" என்று பாலமுருகன் ஒப்பித்தான். "ரெண்டு வருஷமா நான்தானேக்கா இன்சார்ஜ். மழை முடிஞ்சதும் எல்லாத்தையும் வெயில்ல காயவெச்சு, கரையான் மருந்து தெளிச்சு உள்ள வெப்பேன்."

"காணோம்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்காங்களேடா!"

"எங்கிட்ட யாரும் கேக்கலையேக்கா. கேட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பேனே."

அவன் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. எவனாவது வேண்டுமென்றே ஒளித்து வைத்திருந்தால் மண்ணை வாரித் தூற்றலாம். இங்கே யாருமே ஒளிக்கவில்லை. எழுந்து போய் அந்தக் கதவைத் திறந்து பார்க்க ஒருத்தருக்கும் முடியவில்லை, அவ்வளவுதான்.

"அக்கா, அந்த ஸ்லிப்..."

"கெடைக்கலைன்னு சொல்லு."

"அக்கா?"

"தேடிக்கிட்டு இருக்காங்கன்னு சொல்லு. அந்தக் காயிதத்தை நாங்க சார்ந்து இல்லையாம்னு சொல்லு. அடுத்த தேதி வாங்கிக்கிடச் சொல்லு உங்க பி.பி.யை."

பாலமுருகன் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனான். வைஜெயந்தி உள்ளே வந்து அப்பாவின் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினாள்.

அகிலாவுக்குப் போன் போட்டாள். அகிலா முதலில் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வக்கீலாகப் பேசினாள்.

"எறந்தவங்க மேல கேஸ் நடத்த முடியாதுக்கா. ரிப்போர்ட் போச்சுன்னா அதோட முடிஞ்சிரும். தீர்ப்பே வராது. தப்பு பண்ணாருன்னும் இருக்காது, பண்ணலைன்னும் இருக்காது."

"ரிஜிஸ்டர் அங்கதான் இருக்காம். அப்ப அதுக்கு என்ன ஆகும்?"

"கேஸ் முடிஞ்சா மால்கானா சாமானை அழிக்க ஆர்டர் வாங்கிருவாங்க. அதுக்கு முன்னாடி, நாளைக்கே, வாரிசுன்னு நீங்க நேர்ல வந்து காப்பி கேட்டு மனு குடுக்கணும். பத்தரைக்குக் கோர்ட்டுல இருக்கணும்க்கா."

"நாளைக்கு ரெண்டாம் நாள். பால் தெளிக்கணும்."

"தெரியும்க்கா" என்றாள் அகிலா.

போர்ட் பிளேயரிலிருந்து, காட்டு வழியே வண்டிகளைச் சேர்த்து அனுப்பும் முதல் கான்வாயில் கிளம்பிய அண்ணன் விஜயராஜ் பன்னிரண்டரைக்கு வந்து சேர்ந்தான். அப்பாவின் காலடியில் விழுந்து அழுதான். அதற்குள் எதிர்வீட்டு ராஞ்சிக்காரர்கள் மூங்கில் வெட்டிவந்து பாடை கட்டத் தொடங்கியிருந்தார்கள். மாலை ஐந்துக்கே இருட்டிவிடும் ஊர், மூன்று மணிக்காவது எடுத்தாக வேண்டும் என்று ஆளாளுக்கு அவசரப்படுத்தினார்கள். இந்தச் சந்தடியில் விஷயத்தைக் கேள்விப்பட்ட விஜயராஜ் தங்கையைச் சமையலறைக்குள் இழுத்துப் போனான்.

"ஸ்லிப்பைக் குடுத்துத் தொலைய வேண்டியதுதானே? விட்டது சனின்னு இருக்கும். போலீஸ்காரனைப் போய்ப் பகைச்சுக்கிட்டு..."

"பகைக்கல. அவங்க சொன்னதையே திருப்பிச் சொன்னேன்."

"அப்பாவே போயாச்சு வைஜி. இனிமே அதைக் காட்டி யாருக்கு நிரூபிக்கப் போற?"

அவள் ஜன்னல் பக்கம் முகவாயை நீட்டினாள். தெருவின் மறுபக்கம், பாக்குமரத்தடியில், நிரஞ்சன் பைராகி நின்றுகொண்டிருந்தார். பத்து மணியிலிருந்தே அங்கேதான் நிற்கிறார். உள்ளே வரவும் இல்லை, வீட்டுக்குப் போகவும் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் செருப்பைக் கேட்டருகே கழற்றிப் போட்டிருக்க, அவர் மட்டும் ஊக்குக் குத்திய ரப்பர் செருப்பைக் காலில் மாட்டியபடி வேடிக்கை பார்க்க வந்தவரைப் போல நின்றிருந்தார்.

விஜயராஜ் பார்த்தான். "அந்த ஆளு எதுக்கு வந்து நிக்கிறாரு?" என்று கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, அம்மா வாய்க்கரிசி போட்டு முடித்த நேரத்தில் பாலமுருகன் திரும்பவும் வந்தான். இப்போது காக்கி இல்லை, கட்டம் போட்ட சட்டை. மறுபடியும் ஸ்லிப்பா என்று வைஜெயந்திக்குக் கோபம் தலைக்கேறியது. அவன் பக்கத்தில் வந்து போனை நீட்டினான்.

"ரிஜிஸ்டரை உங்ககிட்ட எடுத்துக் குடுக்க எனக்கு ஆர்டர் இல்லக்கா. போட்டோ எடுக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. எடுத்துட்டேன்." படத்தை விரலால் பெரிதாக்கினான். "ரெண்டு வருஷமா அட்டையைத்தான் தொடச்சிருக்கேன். இன்னிக்குத்தான் பிரிச்சுப் பாத்தேன். தமிழ்ல இருக்குக்கா."

"என்ன?"

"அப்பா தமிழ்ல எழுதியிருக்காரு. பறிமுதல் சீட்டுல 'வேறு மொழியில் ஒரு ரிஜிஸ்டர்'னு மட்டும்தான் போட்டிருக்கு. கேஸை விசாரிச்ச சாருக்குத் தமிழ் தெரியாது. படிக்கத் தெரிஞ்ச ஆளைக் கூப்பிட்டுக் கேக்கவும் இல்ல போல. ஒதுக்கி வெச்சுட்டாங்க."

திரையில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. உருட்டி உருட்டி, ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவே இடைவெளி விட்டு எழுதியது. 14-6-2018. பலகை நம்பர் 2 நடுவில் இற்றுப்போய்விட்டது. மாற்றவும். கீழே பச்சை மையில் ஆபீசரின் கையெழுத்தும், 'பார்க்கப்பட்டது' என்ற ரப்பர் முத்திரையும். என்ன எழுதியிருக்கிறதென்றே தெரியாமல் பார்த்திருக்கிறார்.

ஜூன் மாதம். வைஜெயந்திக்கு நினைவு வந்தது, வராமல் இருந்திருக்கலாம். இதே வீட்டு மேஜையில்தான், கிளார்க் பரீட்சைக்கு இந்தி டைப்பிங் புத்தகத்தை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தாள். அப்பா ஒரு வெள்ளைத்தாளோடு வந்து நின்றார். "தாயி, ஜெட்டி நோட்டுல எழுதணும். ரெண்டு வரி இந்தியில எழுதிக் குடு, பாத்து எழுதிக்கிறேன்." அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "தெரிஞ்ச மாதிரி தமிழ்லயே எழுதி வைங்கப்பா. யாரு படிக்கப் போறா."

அப்பா அவள் சொன்னபடியே செய்திருக்கிறார். மூன்று முறையும்.

என்ன எழுதினீர்கள், எந்த மொழியில் எழுதினீர்கள் என்று அகிலா எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். வைஜெயந்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். "வெவரமா எழுதியிருக்கேம்மா" என்பதோடு அப்பா நிறுத்திக்கொள்வார். தமிழ் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஊரில் யாராவது ஒரு தமிழ்ப் போலீஸ்காரன் அட்டையைப் பிரித்துப் பார்த்திருப்பான். அவர் சொல்லவில்லை. நீ சொல்லித்தான் தமிழில் எழுதினேன் என்று மகளிடம் ஒரு தடவை சொல்லிக் காட்டியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. வைஜெயந்திக்கு அப்பாமேல் அடக்க முடியாத கோபம் வந்தது. எழுப்பி உட்கார வைத்து நன்றாகத் திட்ட வேண்டும் போல இருந்தது. மூக்குத் துவாரங்களில் பஞ்சோடு, நெற்றியில் திருநீறோடு, அவர் இப்போதும் ஒன்றும் சொல்லாமல் படுத்திருந்தார்.

"தூக்கலாமா?" என்று விஜயராஜ் கேட்டான்.

"ரெண்டு நிமிஷம் இருண்ணே."

"மழை வர்ற மாதிரி இருக்கு வைஜி..."

"ஏழு வருஷம் இருந்தாச்சு, ரெண்டு நிமிஷம் இருக்க முடியாதா?"

ஈரச் சேலையோடு அவள் தெருவைக் கடந்து போனாள். பாலமுருகன் போனைப் பிடித்தபடி பின்னால் வந்தான். மூங்கிலைச் சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பைராகி பாபு" என்றாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இது அப்பா எழுதினது. உங்களுக்குப் படிச்சுக் காட்டணும்னு இருந்தாரு."

அவள் தமிழில் படித்து, படித்ததை இந்தியில் சொன்னாள். ஜூன் பதினான்கு, பலகை நம்பர் இரண்டு நடுவில் இற்றுப்போய்விட்டது, மாற்றவும். ஜூலை இரண்டு, மறுபடியும் சொல்கிறேன், பலகை ஆடுகிறது, மாற்றவும். ஜூலை இருபத்தொன்று. இது கொஞ்சம் நீளமாக இருந்தது. பலகையை நானே கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன், எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது. தலையில் கூடையோடு வருகிறவர்களுக்குக் கால் வைக்கும் இடம் தெரியாது. தயவுசெய்து மாற்றவும்.

கூடை என்ற இடத்தில் அவள் நின்றுவிட்டாள். திரை மங்கத் தொடங்கியது. பாலமுருகன் விரலால் தொட்டு மறுபடி எரிய வைத்தான்.

பைராகி இப்போது திரையைப் பார்த்தார். அவருக்குப் புரியாத எழுத்துகள். விரலை எழுத்துகளுக்குக் கீழே கொண்டுபோனார்.

"பச்சையில் இருக்கும் இந்தக் கையெழுத்து யாருடையது?" என்று இந்தியில் கேட்டார்.

"பார்த்தவருடையது."

"பார்த்தாரா?"

"பார்த்தேன் என்று முத்திரை போட்டிருக்கிறார்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். எதிரே அவள் வீட்டு வாசலில் பாடையைப் பார்த்தார், பிறகு மறுபடி திரையை.

"கடைசியில் இருக்கிறதை இன்னொரு தடவை படி, மகளே" என்றார்.

அவள் படித்தாள். இந்தத் தடவை எங்கும் நிற்கவில்லை. முடித்துவிட்டுப் பாலமுருகனிடம் திரும்பினாள்.

"ஸ்லிப்பை நாளைக்கு நானே கோர்ட்டுக்குக் கொண்டு வர்றேன். பத்தரைக்கு உங்க பி.பி. கையில குடுப்பேன். முப்பத்தொண்ணும் அங்க வந்திருக்கணும்."

"பட்டியல்ல போட்டு எடுத்துட்டு வர்றேன்க்கா. பட்டியல் கேட்டு மாஜிஸ்ட்ரேட் ஆர்டர்தான் இருக்கே."

"நாளைக்கா?" என்றான் கேட்டருகே வந்துவிட்ட விஜயராஜ். "எழவு வீட்டைப் போட்டுட்டு நாளைக்கே பஸ் ஏறுவியா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஒச்சம்மாதான் பதில் சொன்னாள். காலையிலிருந்து அவள் பேசியது கொஞ்சம். "பாலை நீ போய்த் தெளி. அவ போகட்டும்." பிறகு மகளிடம், "ஆறு மணி பஸ்ஸுல போ தாயி. டிரைவருக்குப் பின்னாடி சன்னல் சீட்டு. அங்கனதான் உக்காருவாரு."

ராஞ்சிக்காரர்கள் குனிந்து மூங்கிலைத் தோளில் ஏற்றினார்கள். விஜயராஜ் தீச்சட்டியோடு முன்னால் நடந்தான். வைஜெயந்தி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் போனாள். கூட்டம் ஸ்கூலைச் சுற்றாமல் நேரே பஜார் வழியாகத் திரும்பியது. சத்தம் தேய்ந்து தெரு வெறிச்சோடிப் போனது.

தூறல் விழ ஆரம்பித்தது. வெறுங்காலோடு சுடுகாட்டுக்குப் போனவர்களின் செருப்புகள் கேட்டருகே கிடந்தன. நனைந்துவிடுமே என்று அவள் குனிந்து ஒவ்வொரு ஜோடியாக எடுத்துத் தாழ்வாரத்துக்குள் வைத்தாள். கடைசியாகக் கிடந்தது ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. இடது வாரில் ஊக்குக் குத்தியிருந்தது.